ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபியா? (பழைய மதர்போர்டு, கொஞ்சம் கேம், கொஞ்சம் பிளெண்டர்)

பதிவு 1 · அரைவேக்காடு

வணக்கம். ஒரு வாரமாக இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு நடுவில் முழித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. நண்பர் ஒருவர் பெரிய கார்டுக்கு மாறுகிறார், தன்னுடைய பழையதை எனக்குத் தருகிறேன் என்கிறார். மற்றது ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, புத்தம் புதிது. செலவு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கே கார்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை, 1080பி மானிட்டர். இப்போது ஓடுவது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. 2016இல் வந்த கார்டு, இன்னும் மூச்சு விடுகிறது. மாலையில் கேம், விடுமுறை நாளில் பிளெண்டர் (முப்பரிமாணக் காட்சி செய்யும் மென்பொருள்). பிளெண்டரில் நான் எந்த அளவு என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டின் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், குழப்பம்தான் கூடியது. 3060இல் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு), 4060இல் 3072. மெமரி 12க்கு 8. பஸ் (மெமரிக்குப் போகும் பாதை) அகலம் 192 பிட்டுக்கு 128. பேண்ட்விட்த், அதாவது அந்தப் பாதையில் ஓடும் டேட்டா, நொடிக்கு 360 ஜிபிக்கு 272. 2021இல் வந்ததைவிட 2023இல் வந்தது எல்லா வரியிலும் சின்னது! ஆனால் யாரைக் கேட்டாலும் 4060தான் வேகம் என்கிறார்கள். அப்படியானால் இந்த அட்டவணையை எதற்குப் பார்க்க வேண்டும்?


பதிவு 2 · சும்மா_ஒரு_ஆள்

புதுசை வாங்குங்கள். இழையை மூடிவிடலாம்.


பதிவு 3 · தாமிரத்தடம்

மூட வேண்டாம், கேள்வி நல்ல கேள்வி.

அட்டவணை பொய் சொல்லவில்லை. நீங்கள் அதில் இரண்டு வரிகளை எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். ஒன்று கிளாக் (சிப் ஓடும் வேகம்), இன்னொன்று எல்2 கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி).

முதலில் கிளாக். 3060இன் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ், 4060க்கு 2460. முன்னது சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்த சிப், பின்னது டிஎஸ்எம்சியின் 4என் முறையில் செய்தது. குறைந்த மின்சாரத்திலேயே வேகமாக ஓடும். ஒரு கோர் ஒரு சுழற்சிக்கு இரண்டு கணக்குப் போடும் என்று வைத்துப் பெருக்குங்கள். 3584 × 2 × 1.777 என்றால் ஏறத்தாழ 12.7 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 12.7 லட்சம் கோடிக் கணக்கு). 3072 × 2 × 2.46 என்றால் 15.1. பின்னது 19 சதவீதம் போலக் கூடுதல். ஃபிரேம் ஜெனரேஷனை (ஊகித்த ஃபிரேம்களை நடுவில் செருகுவது) சேர்க்காமல் கேம்களில் 4060 எவ்வளவு முன்னே என்று என்விடியா அறிவித்த கணக்கும் கிட்டத்தட்ட 20 சதவீதம்தான்.

இவ்வளவு கச்சிதமாக எப்போதும் பொருந்திவிடாது. இங்கே பொருந்துகிறதென்றால், ஆம்பியர் (3060), ஏடா லவ்லேஸ் (4060) இரண்டு தலைமுறையிலும் ஒரு எஸ்எம்முக்கு (கோர்களின் தொகுதி) 128 கோர் என்ற அமைப்பு மாறவில்லை. 3060இல் 28 எஸ்எம், 4060இல் 24. உங்கள் 1050 டிஐயின் 768 கோரை இவற்றோடு ஒப்பிட உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும், அங்கே கோர் என்ற சொல்லுக்கே பொருள் வேறு.

இப்போது கேச். 3060இல் எல்2 கேச் 3 எம்பி. 4060இல் 24 எம்பி, எட்டு மடங்கு. பரணில் இருக்கும் சாமானை ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு எடுப்பதற்கும், அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் மாடத்தில் வைத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. மாடம் பெரிதாக இருந்தால் ஏணி குறுகலாக இருந்தாலும் ஓட்டிவிடலாம். 128 பிட் பஸ் என்பது அந்தக் குறுகிய ஏணி. கேச்சையும் சேர்த்தால் இது நொடிக்கு 453 ஜிபிக்குச் சமம் என்று என்விடியா ஒரு எண் கொடுத்தது. அதை விளம்பர எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி சிப்பிலிருந்து வருவது எந்நாளும் 272தான் (128ஐ 8ஆல் வகுத்தால் 16 பைட், அதை மெமரி வேகமான 17 கிகாபிட்டால் பெருக்கினால் 272. 3060க்கு 24 × 15 = 360).

மாடத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் 1080பி படம் ஒன்றுக்கு 8.3 எம்பி. 1440பிக்கு 14.7. 4கேக்கு 33 எம்பி, அது 24இல் அடங்காது. ஒரு ஃபிரேமை வரைவதற்குள் கேம் இப்படிப் பல படங்களை எழுதி எழுதிப் படிக்கிறது. அதனால்தான் திரை பெரிதாகப் பெரிதாக இந்த இரண்டு கார்டுகளுக்கும் இடையிலான தூரம் குறைகிறது. உங்கள் திரை 1080பி. அதாவது 4060 தன் பலத்தோடு நிற்கும் இடம்.


பதிவு 4 · விசிறிச்சத்தம்

ஒரு வருடத்துக்கு மேலாக 4060 வைத்திருக்கிறேன். மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் அதோடு வாழ்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே.

115 வாட். 3060 என்றால் 170. 55 வாட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால் ஆண்டுக்கு 80 யூனிட் சொச்சம். அதைவிட எனக்கு முக்கியம் சத்தம். 115 வாட் வெப்பத்தை வெளியே தள்ள விசிறி அலற வேண்டியதில்லை. வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன், இப்போது கார்டு ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அப்புறம் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன். அது 3060இல் கிடையாது. ஏவி1 (வீடியோவைச் சுருக்கும் முறை) என்கோடரும் கிடையாது, 3060 ஏவி1 வீடியோவை ஓட்டிக் காட்டும், எழுதாது. திரையைப் பதிவு செய்து பகிர்பவர்களுக்கு இது ஒன்றே போதும், 4060 பக்கம் சாய்வதற்கு.


பதிவு 5 · தாமிரத்தடம்

ஃபிரேம் ஜெனரேஷன் பற்றி ஒரு சொல். கார்டு உண்மையாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் ஒன்றை ஊகித்துச் செருகுவது அது. நடுவில் செருக வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் கைக்கும் திரைக்கும் இடையில் தாமதம் கூடும். அடிப்படை 60 இருக்கும்போது போட்டால் வழவழவென்று இருக்கும். 30இல் தள்ளாடும் கேமில் போட்டால் கண்ணுக்கு 60, கைக்கு 30. அதுவும் தன் பங்குக்கு விரேம் (கார்டின் சொந்த மெமரி) தின்னும், 8 ஜிபி கார்டில் அதையும் நினைவில் வையுங்கள்.

படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுக்கும் பொது. 2025 தொடக்கத்தில் வந்த அதன் டிரான்ஸ்ஃபார்மர் மாடலும் 3060இல் ஓடும். டிஎல்எஸ்எஸ்ஸுக்குப் போட்டியான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3இல் உள்ள ஃபிரேம் ஜெனரேஷன், கேம் அதை ஆதரித்தால், 3060இலும் ஓடும். "3060க்கு எதுவுமே இல்லை" என்பதும் சரியில்லை.


பதிவு 6 · நிழற்படலம்

எல்லாரும் கேமிலேயே நிற்கிறீர்கள். கேட்டவர் பிளெண்டரும் என்றாரே?

பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் (காட்சியை முழுப் படமாக வரைந்து தருவது) காட்சி விரேமில் அடங்கும்வரை 4060 தெளிவாக வேகம். மூன்றாம் தலைமுறை ஆர்டி கோர் (ஒளிக்கதிரைக் கணக்கிடும் அலகு), கூடிய கிளாக், இரண்டும் நேராகப் பலன் தரும். அதில் எனக்கு வாக்குவாதமே இல்லை. "அடங்கும்வரை" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு 4கே டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) என்பது 4096 × 4096 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் 64 எம்பி. கோப்பாக டிஸ்க்கில் 10 எம்பி ஜேபெக்காக இருந்தாலும் கார்டுக்குள் போகும்போது பிரிந்து 64 ஆகிவிடும். ஒரு மெட்டீரியலுக்கு நிறம், கரடுமுரடு, நார்மல், டிஸ்பிளேஸ்மெண்ட் என்று நான்கு படம் போட்டால் 256 எம்பி. 20 மெட்டீரியல் என்றால் 5 ஜிபி. இதற்கு மேல் வடிவங்கள், அவற்றை வேகமாகத் தேட உதவும் பிவிஎச் மரம், படத்தின் புள்ளிகளை நீக்கும் டீநாய்சர், விண்டோஸ் தன் திரைக்கு எடுத்துக்கொள்வது. 8 ஜிபி எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான்.

கேம்கள் இதே டெக்ஸ்சரைச் சுருக்கிய வடிவிலேயே கார்டில் வைத்திருக்கும், பிக்சலுக்கு ஒரு பைட் அல்லது அதற்கும் குறைவு. அதனால் 8 ஜிபியில் ஒரு பெரிய கேம் உலகமே ஓடும், ஆனால் ஓர் அறைக்குள் நாற்காலி மேசை போட்ட பிளெண்டர் காட்சி மூச்சுத்திணறும். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.


பதிவு 7 · அரைவேக்காடு

அக்கா, நான் இன்னும் நாற்காலி மேசை கட்டத்தில்தான் இருக்கிறேன். அதிலும் நாற்காலி ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. எனக்கு 8 ஜிபி நிரம்புமா?


பதிவு 8 · நிழற்படலம்

நாற்காலி நிமிர்ந்ததும் ஜன்னல் வைப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே புல் வேண்டும் என்று தோன்றும். புல் போட்ட அன்றைக்கு நிரம்பும்.

(இன்ஸ்டன்ஸ் முறையில், அதாவது ஒரே புல்லைத் திரும்பத் திரும்பக் காட்டும்படி, போட்டால் புல் அவ்வளவு தின்னாது. ஆனால் முதல் தடவை யாரும் அப்படிப் போடுவதில்லை. நானும் போடவில்லை.)


பதிவு 9 · தாமிரத்தடம்

நிரம்பினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவருடைய மதர்போர்டு அங்கேதான் விளையாட்டுக்குள் வருகிறது.

விரேம் போதாமல் போனால் மிச்சத்தை டிரைவர் கணினியின் ரேமில் வைக்கும், தேவைப்படும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு செருகும் ஸ்லாட்டின் பாதை) வழியாகக் கொண்டுவரும். அதில் 3060க்கு 16 லேன் (தடம்). 4060க்கு ஸ்லாட் நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே இணைந்திருப்பது 8 லேன்தான். நான்காம் தலைமுறை போர்டில் 8 லேன் என்றால் நொடிக்கு 16 ஜிபியை ஒட்டி வரும், சமாளிக்கலாம். பி450 மூன்றாம் தலைமுறை. அங்கே அதே 8 லேன் நொடிக்கு 8 ஜிபிக்கும் கொஞ்சம் கீழே. 3060 அதே போர்டில் 16 லேனும் பயன்படுத்தி அதன் இரண்டு மடங்கு பெறும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 4060இன் சொந்த மெமரி நொடிக்கு 272. நிரம்பி வழிந்த பிறகு வழி 8. முப்பத்து நான்கில் ஒரு பங்கு. பரணுக்கு ஏணி போட்டவர் இப்போது பக்கத்து ஊர்க் கிடங்குக்கு நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேம்களில் இது சராசரி எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பளிச்சென்று தெரியாது. 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி. நடுவில் ஏதோ ஓர் இடத்தில் திரும்பும்போது ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிநொடி எடுத்தால் சராசரி அசையாது, ஆனால் உங்கள் கண் அந்த இடறலைப் பிடித்துவிடும். ஆகவே ஒப்பீட்டுப் படம் பார்க்கும்போது "1 சதவீத லோ" என்ற வரியையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) பாருங்கள். இரண்டு கார்டுகளின் சராசரியை மட்டும் போட்டுவிட்டு முடிவு சொல்லும் ஒப்பீட்டை நான் பாதியில் மூடிவிடுவேன்.


பதிவு 10 · விசிறிச்சத்தம்

கொஞ்சம் பயமுறுத்துகிறீர்கள் என்று சொல்ல அனுமதி உண்டா?

முதல் விஷயம், கேம் அமைப்புப் பக்கத்தில் காட்டும் விரேம் எண் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது, உண்மையில் தேவைப்படுவது அல்ல. 12 ஜிபி கார்டு கிடைத்தால் 10ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும் கேம், 8 கிடைத்தால் ஏழரையில் அமைதியாக ஓடும். இரண்டாவது, வழிந்தால்தானே வழி குறுகலா என்ற கேள்வி? டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு ஒரு படி இறக்கினால் 1080பி திரையில் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வழியாமல் இருக்கும்போது மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டால் ஆகும் நஷ்டம் சின்னது.

மூன்றாவது, 3600 பிராசசர். போட்டிக் கேம்களில் டீடெயிலைக் குறைத்து வைத்து 144 ஃபிரேமுக்கு மேல் எதிர்பார்த்தால் முதலில் களைப்பது அதுதான். அங்கே இரண்டு கார்டும் ஒரே எண்ணைக் காட்டும், எதை வாங்கினாலும்.


பதிவு 11 · தாமிரத்தடம்

மூன்றாவதற்கு முழுச் சம்மதம். முதல் இரண்டுக்கும் பாதிச் சம்மதம். டெக்ஸ்சரை இறக்குவது கேமில் உங்கள் கையில் இருக்கிறது. சொந்தமாகச் செய்யும் காட்சியில் இறக்கினால் இறங்குவது உங்கள் வேலையின் தரம்.

ஒதுக்கியதா, தேவைப்பட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து "டெடிகேட்டட்" என்பதற்குக் கீழே உள்ள "ஷேர்டு" மெமரியைக் கவனியுங்கள். டெடிகேட்டட் உச்சியில் தட்டையாக நிற்க, ஷேர்டு ஏறிக்கொண்டே போனால் வழிகிறது என்று பொருள்.


பதிவு 12 · மொழிப்பித்து

நான் கேம் ஆடுவதில்லை. வீட்டுக் கணினியில் மொழி மாடல்களை ஓட்டிப் பார்ப்பேன். அந்தக் கண்ணால் பார்த்தால் இந்த ஒப்பீடு தலைகீழ்.

மாடல் ஒரு டோக்கனை (சொல் அல்லது சொல்லின் துண்டு) எழுத, தன் எடைகள் (கற்றுவைத்த எண்கள்) அத்தனையையும் ஒரு முறை மெமரியிலிருந்து படித்தாக வேண்டும். 8 பில்லியன் எடைகள் உள்ள மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 5 ஜிபி. 360ஐ 5ஆல் வகுத்தால் நொடிக்கு 72 டோக்கன், 272ஐ வகுத்தால் 54. இவை காகிதக் கணக்கின் உச்ச வரம்புகள், நிஜத்தில் இரண்டுமே இதற்குக் கீழேதான் வரும். ஆனால் யார் முன்னே என்பது மாறாது. 5 ஜிபியை ஒவ்வொரு டோக்கனுக்கும் வரிசையாகப் படித்து முடிக்கும் வேலையில் 24 எம்பி கேச் என்ன செய்யும்? மாடத்தில் வைத்ததை மறுபடி எடுக்கும்போது அது ஏற்கெனவே தூக்கி எறியப்பட்டிருக்கும்.

14 பில்லியன் மாடல் 4 பிட்டில் 9 ஜிபியை ஒட்டி வரும். 3060இல் முழுதாக உட்காரும். 4060இல் உட்காராது, சில அடுக்குகளைப் பிராசசரிடம் தள்ள வேண்டும், அப்புறம் எழுத்து எழுத்தாகக் காத்திருக்க வேண்டும்.

கேட்டவருக்கு இது தேவையில்லைதான். ஆனால் "புதுசு என்றால் எல்லாவற்றிலும் வேகம்" என்று இரண்டாம் பதிவில் முடித்துவைத்தவருக்காக எழுதினேன்.


பதிவு 13 · சும்மா_ஒரு_ஆள்

சரி சரி, வாபஸ். ஆனால் ஏஎம்டியின் ரேடியான் கார்டுகள் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே, ஏன்? ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டியிலும் 12 ஜிபிதானே?


பதிவு 14 · தாமிரத்தடம்

ஆமாம், 192 பிட், நொடிக்கு 384 ஜிபி, கூடவே 96 எம்பி இன்ஃபினிட்டி கேச். பெரிய கேச் வைத்துப் பஸ்ஸைக் குறைக்கும் இந்தத் தந்திரமே 2020இல் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் ஏஎம்டி கொண்டுவந்ததுதான், என்விடியா அடுத்த தலைமுறையில் தன் வழியில் எடுத்துக்கொண்டது. கேமுக்கு மட்டும் என்றால் நல்ல கார்டு. 230 வாட் கேட்கும். பிளெண்டரில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் (ஆர்டி கோரைப் பயன்படுத்தும் மென்பொருள்) தரும் வேகம் அதனிடம் இல்லை. தவிர அவர் கேட்டது இரண்டு கார்டு, மூன்றாவதை நாம் நுழைத்தால் இன்னொரு வாரம் முழிப்பார்.

அடுத்து யாராவது ஆர்டிஎக்ஸ் 5060 என்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அதுவும் 128 பிட், 8 ஜிபி, 8 லேன். ஜிடிடிஆர்7 மெமரி போட்டதால் பேண்ட்விட்த் 448க்கு ஏறியது. அளவு ஏறவில்லை.


பதிவு 15 · பழையதே_புதியது

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். 3060 பக்கம் சாய்கிறீர்கள் போலத் தெரிவதால் அவசரமாக ஒன்று.

3060 என்ற பெயரில் இரண்டு கார்டு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்தது 12 ஜிபி, 192 பிட். 2022 இறுதியில் அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்று வந்தது. கோர் எண்ணிக்கை அதே 3584, ஆனால் பேண்ட்விட்த் 240தான். 3060இன் நல்லதும் இல்லாமல் 4060இன் நல்லதும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்கும் பிறவி. எனக்கு ஒருவர் விற்றது அதைத்தான். "3060" என்று மட்டும் சொன்னார், நானும் கேட்கவில்லை. ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து 128 பிட் என்று பார்த்தபோதுதான் உறைத்தது. அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது, பெட்டியில் 3060 என்றுதான் இருந்தது.

அடுத்து அந்தக் கார்டின் பழைய வாழ்க்கை. 2021இல் வாங்கியதென்றால் அது இதீரியம் (ஒரு கிரிப்டோ நாணயம்) தோண்டும் காலம், கார்டை இரவு பகலாகக் கணக்குப் போட வைத்து நாணயம் சம்பாதிப்பார்கள். 3060 வரும்போதே அந்த வேலைக்கு என்விடியா ஒரு கடிவாளம் போட்டிருந்தது, பிறகு தானே வெளியிட்ட ஒரு பீட்டா டிரைவரில் தவறுதலாக அதை அவிழ்த்தும் விட்டது! 2022 செப்டம்பரில் இதீரியம் முறையே மாறி, தோண்டுவது நின்றதும் அந்தக் கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. தோண்டிய கார்டு என்றாலே குப்பை என்பது மூடநம்பிக்கை. விசிறியும் தெர்மல் பேடும் (வெப்பம் கடத்தும் பட்டை) தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். ஆனால் அது என்ன வேலை பார்த்தது என்று நண்பரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் அவர் கணினியிலேயே அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பம் சராசரியைவிட மிக அதிகமாக ஏறினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். திரையில் புள்ளியோ கோடோ மின்னினால் நட்பு வேறு, கார்டு வேறு என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.


பதிவு 16 · அரைவேக்காடு

நன்றி அண்ணா. நண்பரிடம் கேட்டேன். தோண்டவில்லையாம், வீடியோ எடிட்டிங் மட்டும். 12 ஜிபிதான் என்று படம் அனுப்பினார், 192 பிட் என்று தெளிவாகத் தெரிகிறது.

இதற்கிடையில் நிழற்படலம் அக்கா சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் அறைக் காட்சியை இறக்கி, ரெண்டரின்போது பிளெண்டர் காட்டும் மெமரி உச்சத்தைக் குறித்தேன். கார்டில் ஓட்டினால் 1050 டிஐ மறுத்துவிட்டது, அதனால் பிராசசரில் ஓட்டினேன். உச்சம் 9 ஜிபிக்கு மேல் போனது. ஒரே ஓர் அறை! டெக்ஸ்சர் எல்லாம் 4கே, ஒரு பூந்தொட்டிக்கு மட்டும் 8கே. 8கே என்றால் படத்துக்கு 256 எம்பி என்று கணக்குப் போட்டபோது அந்தத் தொட்டியின் மேல் கோபமே வந்தது.


பதிவு 17 · நிழற்படலம்

பிராசசரில் ஓட்டிய எண்ணும் கார்டில் வரும் எண்ணும் அச்சாக ஒன்றாக இருக்காது, ஆனால் திசை அதுதான். பூந்தொட்டியை 2கேக்கு இறக்குங்கள், படத்துக்கு 16 எம்பியில் முடிந்துவிடும், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எந்தக் கார்டு வாங்கினாலும் இந்தப் பழக்கம் வேண்டும். 12 ஜிபியும் ஒரு நாள் நிரம்பும்.


பதிவு 18 · விசிறிச்சத்தம்

பூந்தொட்டியை 2கேக்கு இறக்கத் தெரிந்தவருக்கு 8 ஜிபியும் போதும், அதைத்தான் நான் பத்துப் பதிவுகளாகச் சொல்கிறேன். :)


பதிவு 19 · நிழற்படலம்

தெரிந்தவருக்குப் போதும். கற்றுக்கொள்பவர் முதலில் தவறு செய்ய வேண்டும், தவறு செய்ய இடம் வேண்டும். ரெண்டர் 10 நிமிடம் கூட ஓடினால் எழுந்து ஒரு நடை போய்விட்டு வரலாம். மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. நான் மெதுவான கார்டையே எடுப்பேன்.


பதிவு 20 · தாமிரத்தடம்

எனக்கும் அதே முடிவு, ஆனால் இவருக்கு மட்டும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட், பிளெண்டர் கற்கும் ஆசை, 16 ஜிபி ரேம் (வழிந்தால் அங்கேயும் இடமில்லை), மூன்றும் சேர்ந்து 3060 பக்கம் இழுக்கின்றன. இதில் இரண்டு மாறியிருந்தால் 4060 என்று எழுதியிருப்பேன். புதிய போர்டில் 1080பி கேம் மட்டும் ஆடுபவர் இந்த இழையைப் படித்துவிட்டு 3060 தேடிப் போனால் தவறு என் மேல் இல்லை.

பவர் சப்ளையில் 8 பின் பிசிஐ எக்ஸ்பிரஸ் கேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? இரண்டு கார்டுக்கும் என்விடியா சொல்வது 550 வாட்தான், அதில் பிரச்சினை இல்லை.


பதிவு 21 · அரைவேக்காடு

இருக்கிறது, இத்தனை வருடமாக முடிச்சுப் போட்டு மூலையில் சுருட்டி வைத்திருந்தேன். நாளை கார்டு வருகிறது.


பதிவு 22 · அரைவேக்காடு

வந்தது, மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையில் விண்டோஸ் இல்லை. கணினியை அணைத்து, கார்டுக்கான மின் கேபிளைச் செருகச் சொல்லி ஒரு வரி மட்டும் நிற்கிறது. 1050 டிஐ ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வாங்கிக்கொண்டு ஓடிய கார்டு, தனிக் கேபிள் கேட்டதே இல்லை. தாமிரத்தடம் அண்ணா கேட்டு, இருக்கிறது என்று நானே பதில் எழுதி, செருக மட்டும் மறந்திருக்கிறேன்.

செருகியதும் வந்துவிட்டது. ஜிபியு-இசட்டில் 12 ஜிபி, 192 பிட், ஸ்லாட் வரியில் 16 லேன் 3.0. அந்த அறைக் காட்சியைப் பூந்தொட்டியைத் தொடாமல் அப்படியே ஓட்டினேன், நிற்காமல் முடிந்தது. ஷேர்டு மெமரி அசையவில்லை. விசிறிச்சத்தம் சொன்னது உண்மை, சத்தம் போடத்தான் செய்கிறது. வோல்டேஜை எப்படி இறக்குவது என்று யாராவது சொல்லுங்கள்.


பதிவு 23 · விசிறிச்சத்தம்

வாருங்கள் வழிக்கு. ஆஃப்டர்பர்னர் (கார்டின் வேகம், வோல்டேஜ் மாற்றும் மென்பொருள்) திறந்து கண்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு வளைவு வரும். அதில் 900 மில்லிவோல்ட் புள்ளியை இப்போது கார்டு ஓடும் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, அதற்கு வலப்பக்கம் உள்ளதைத் தட்டையாக்கிச் சேமியுங்கள். ரெண்டர் நடுவில் நின்றால் ஒரு படி வேகத்தைக் குறையுங்கள். நாளை தனி இழை போடுகிறேன், இங்கே எழுதினால் தலைப்புக்கு வெளியே என்பார்கள்.